முதல் முறை அமெரிக்கா: ஒன்பது இடத்தில் எதை வெட்டுவது?

பொன்மலை டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். மகள் டாலஸில் இருக்கிறாள். நானும் என் வீட்டுக்காரரும் அக்டோபர் முதல் வாரம் போகிறோம், மூன்று வாரம் இருப்போம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு இல்லை. சனி, ஞாயிறு அவர்களோடு, மற்ற நாட்களில் நாங்களாகவே சுற்றிக்கொள்வதாகப் பேச்சு. இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டி ஓட்டுவேன், அது அங்கே செல்லாதாம்.

நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முட்டி வலி உண்டு. சமதரையில் நடப்பேன், படி என்றால் யோசிப்பேன். இவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், ரயில் என்று சொன்னால் சாப்பாட்டை மறந்துவிடுவார். இருவரும் சைவம், முட்டையும் இல்லை.

நாங்கள் எழுதி வைத்திருப்பது: நியூயார்க், நயாகரா, வாஷிங்டன், யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், லாஸ் வேகாஸ், சான் பிரான்சிஸ்கோ, ஹாலிவுட், டிஸ்னி. இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹைவே ராசா
டீச்சர், முதலில் வரைபடத்தை எடுத்து மேசையில் விரியுங்கள். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குச் சாலை வழியாக 4,500 கி.மீ. சுமார். விமானத்திலேயே ஆறு மணி நேரம், கடிகாரம் மூன்று மணி நேரம் மாறும். உங்கள் ஒன்பது இடமும் நாட்டின் நாலு மூலையில் கிடக்கின்றன. மூன்று வாரத்தில் எல்லாம் பார்க்கலாம்தான், ஆனால் நீங்கள் அதிகம் பார்த்தது விமான நிலையமாகத்தான் இருக்கும்.

ஒரு நல்ல விஷயம், டாலஸ் நடுவில் இருக்கிறது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் மூன்று, மூன்றரை மணி நேரம்தான். அதனால் கிழக்கில் ஒரு பயணம், மேற்கில் ஒரு பயணம், நடுவில் மகள் வீட்டில் துணி துவைத்து ரசம் சோறு. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

டிஸ்னியை இப்போதே வெட்டிவிடுங்கள். பேரன் பேத்தி இல்லாமல் அங்கே போய் வரிசையில் நிற்பது தண்டனை.

ஐந்தாம் அவென்யூ
முதல் தடவை அமெரிக்கா போகிறவர் நியூயார்க் பார்க்காமல் திரும்பினால் அது அமெரிக்காவே இல்லை. இதில் விவாதம் எதற்கு என்றே புரியவில்லை. சுதந்திர தேவி சிலை, எல்லிஸ் தீவு, சென்ட்ரல் பார்க், ப்ரூக்ளின் பாலம். நாலு நாள் நியூயார்க், மீதியெல்லாம் உங்கள் இஷ்டம்.

பனிக்கரடி
யெல்லோஸ்டோன்! உலகின் முதல் தேசியப் பூங்கா, 1872ல் அறிவித்தது. ஆசிரியை என்கிறீர்கள், பூமிக்கு அடியில் கொதிக்கிற எரிமலையின் மேல் நின்று வெந்நீர் ஊற்றுப் பீய்ச்சுவதைப் பார்க்க வேண்டாமா? ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற ஊற்று சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழும்பும். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர்க் குளத்தின் நிறங்களைப் படத்தில் பார்த்து யாரோ கூட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, நேரிலும் அப்படித்தான்.

ஹைவே ராசா
கரடி, மாதத்தைப் பார்த்தாயா? அக்டோபர் நடுவில் உள்ளே இருக்கிற விடுதிகள் மூடிவிடும். திடீர்ப் பனி விழுந்தால் ஒன்றிரண்டு நாள் சாலையை அடைப்பார்கள். நவம்பர் தொடக்கத்தில் பெரும்பாலான சாலைகள் காருக்கு மூடினால் ஏப்ரலில்தான் திறக்கும். அதோடு கார் ஓட்டாதவர்களுக்கு யெல்லோஸ்டோன் என்றால் என்ன செய்வது? உள்ளே ஷட்டில் பஸ் கிடையாது, கிட்டத்தட்ட 9,000 சதுர கி.மீ.

பனிக்கரடி
சரி, அக்டோபருக்கு ஒத்துக்கொள்கிறேன். ஜூன் அல்லது செப்டம்பர் என்று டிக்கெட் போட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். டீச்சர், இரண்டாவது தடவை வரும்போது மகளோடு காரில் போங்கள். காட்டெருமை சாதுவாக நிற்கிறதே என்று பக்கத்தில் போய்ப் படம் எடுக்க மட்டும் வேண்டாம். 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஸ்காபரோ ஆள்
வணக்கம் டீச்சர். நான் டொரோண்டோப் பக்கம் இருக்கிறன். நயாகரா எண்டு எழுதியிருக்கிறியள், எந்தப் பக்கம் எண்டு எழுதேல்லை. லாட வடிவத்தில விழுகிற பெரிய நீர்வீழ்ச்சியை முழுசாப் பாக்கோணும் எண்டால் கனடாப் பக்கம் வரோணும். அமெரிக்கப் பக்கத்தில நிண்டால் தண்ணி உங்கட காலுக்குப் பக்கத்தில விழும், அது வேற ஒரு அனுபவம். ஆனா இந்தியப் பாஸ்போர்ட் எண்டால் கனடா விசா தனியா எடுக்கோணும். அமெரிக்க விசா கையில இருக்குது எண்டு பாலத்தைத் தாண்டி வர ஏலாது. இதைத் தெரியாமல் பாலம் வரைக்கும் வந்து திரும்பிப் போன பெற்றோரைப் பாத்திருக்கிறன்.

அக்டோபர் நல்ல மாதம். இலையெல்லாம் சிவந்திருக்கும், படகும் ஓடும். நவம்பர் தொடங்கினால் படகு நிண்டிடும்.

இன்னொரு சங்கதி, நீங்கள் இயற்பியல் ஆள் எண்டபடியால் சொல்லுறன். அங்க விழுகிற தண்ணி இயற்கை விட்ட அளவு இல்லை. 1950ல இரண்டு நாடும் செய்த ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்துப் பகலில விநாடிக்கு 1,00,000 கன அடிக்குக் குறையாமல் விடோணும், மற்ற நேரத்தில அதில பாதி விட்டால் போதும். மிச்சத்தை மின்சாரத்துக்குத் திருப்பிறாங்கள். அக்டோபரில இரவு 8 மணிக்குப் பிறகு பாதியாக் குறைக்கலாம். அதனால வெளிச்சம் இருக்கேக்கை பாருங்கோ.

பொன்மலை டீச்சர்
ஸ்காபரோ தம்பி, இது எனக்குத் தெரியாது. முப்பது வருடம் நீர்மின் நிலையப் பாடம் எடுத்திருக்கிறேன், அருவிக்கே குழாய் போல் திறந்து மூடும் கணக்கு உண்டு என்று ஒரு புத்தகமும் சொல்லவில்லை. கனடா விசாவுக்கு இனி நேரமில்லை. அமெரிக்கப் பக்கம் மட்டும் என்றால் போகலாமா?

ஸ்காபரோ ஆள்
போகலாம் டீச்சர். அங்கதான் கோட் ஐலண்ட் இருக்குது, டெரப்பின் பாயிண்ட்டில நிண்டால் லாட வளைவின்ர விளிம்பு கைக்கெட்டுற தூரம். பூங்காவுக்குள்ள போக நுழைவுச்சீட்டு இல்லை. டெஸ்லாவுக்குச் சிலையும் வச்சிருக்கிறாங்கள். 1896ல நயாகரா மின்சாரம் பஃபலோ நகரத்துக்குப் போனது அவற்ற மாறுதிசை மின்னோட்டத்தாலதானே. அமெரிக்கப் பக்கம் மட்டம் எண்டு சொல்லுறவங்கள் எல்லாரும் கனடாவில ஹோட்டல் வச்சிருக்கிறவங்கள் :)

ஓக் ட்ரீ அக்கா
நான் நியூஜெர்சி. எங்கள் பக்கம் வருகிற அப்பா அம்மாக்கள் எல்லோரும் நயாகராவுக்குப் போவது நியூயார்க்கிலிருந்து கிளம்பும் சுற்றுலா பஸ்ஸில்தான். ஒரு வழி ஆறரை, ஏழு மணி நேரம். நடுவில் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இறக்கிவிடுவார்கள், டீச்சருக்கு அது பிடிக்கும். ஆனால் பஸ்காரர் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் சைவத்துக்கு எதுவும் இருக்காது. புளியோதரை, தேங்காய்ப்பால் முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய் இல்லாமல் ஏறாதீர்கள். காலை ஆறு மணிக்கே பஸ் கிளம்பும், இரவு பத்துக்கு ஹோட்டல். முட்டி வலியோடு அது சுகமில்லை என்று என் மாமியார் சொன்னார், அவர் சும்மா குறை சொல்கிற ஆள் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்படாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். நியூயார்க் வந்தால் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் கீழே கேண்டீன் இருக்கிறது, தோசை நம்ம ஊர்த் தோசை. மற்ற ஊரில் மெக்சிகன் கடையில் பீன்ஸ், சோறு, காய் போட்டு பரிட்டோ கேளுங்கள். சீஸ் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அரிசோனாவாசி
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். இந்த இழையில் ஒருவரும் கிராண்ட் கேன்யனைப் பற்றிப் பேசவில்லையே! டீச்சர், உங்கள் மூன்று நிபந்தனைக்கும் (அக்டோபர், முட்டி, கார் இல்லை) இதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பட்டியலில் கிடையாது.

முதலில் ஒரு எச்சரிக்கை. லாஸ் வேகாஸில் ‘கிராண்ட் கேன்யன் ஒரு நாள் சுற்றுலா’ என்று கூவி விற்பதில் பாதி, தேசியப் பூங்காவுக்குப் போகாது. கண்ணாடி நடைமேடை இருக்கிற மேற்குப் பகுதிக்குப் போகும். அது வாலப்பை பழங்குடியினரின் நிலம், தனிக் கட்டணம், பூங்கா பாஸ் செல்லாது. வேகாஸிலிருந்து அது இரண்டரை மணி நேரம் என்பதால் விற்பது எளிது. படத்தில் நீங்கள் பார்த்திருக்கிற, அடுக்கடுக்காகச் சிவந்து விரிகிற காட்சி தெற்கு விளிம்பில். வேகாஸிலிருந்து அங்கே 450 கி.மீ., போகவர ஒன்பது மணி நேரம். ஒரே நாளில் போய் வந்தால் பள்ளத்தாக்கை மூன்று மணி நேரம் பார்ப்பீர்கள், அதுவும் உச்சி வெயிலில். அப்போது நிழலே விழாது, எல்லாம் தட்டையாக, வெளுத்துத் தெரியும். ‘இதுக்கா இவ்வளவு தூரம்?’ என்று கேட்டவர்கள் எல்லோரும் இப்படிப் போனவர்கள்தான். அங்கே ஒரு சூரிய அஸ்தமனமும் ஒரு விடியலும் வேண்டும், அதற்கு ஒரு இரவு தங்க வேண்டும்.

அதனால் வேகாஸ் வேண்டாம். ஃபீனிக்ஸுக்கு விமானம், அங்கிருந்து ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வேன் ஓடுகிறது. ஃபிளாக்ஸ்டாஃபில் தங்குங்கள்.

இப்போது சாருக்கு. பக்கத்தில் வில்லியம்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்கே ரயில் போகிறது. 1901ல் தொடங்கிய பாதை, 105 கி.மீ., இரண்டேகால் மணி நேரம். போய் இறங்குவது மரக்கட்டைகளால் கட்டிய பழைய ஸ்டேஷன். அங்கிருந்து பார்த்தால் மேலே விடுதி, அதற்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. சாதாரண நாளில் டீசல் எஞ்சின். சில குறிப்பிட்ட நாட்களில் நீராவி எஞ்சின் இழுக்கும், அதுவும் சமையலுக்குப் பயன்படுத்திய பழைய எண்ணெயை எரித்து. தேதி பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

பொன்மலை டீச்சர்
இவரிடம் படித்துக் காட்டினேன். “எண்ணெயில எரியிற பாய்லரா? ஊட்டி வண்டிக்கும் ஃபர்னஸ் ஆயில்தான் ஊத்துனோம்” என்று ஆரம்பித்தார், இன்னும் முடிக்கவில்லை. மற்ற எட்டு ஊரையும் இவர் ஏற்கெனவே மறந்துவிட்டார்.

ஐந்தாம் அவென்யூ
நல்ல ரயில்தான், ஆனால் ஒரு குழியைப் பார்க்க இரண்டு விமானம், ஒரு வேன், ஒரு ரயிலா?

அரிசோனாவாசி
446 கி.மீ. நீளம், சில இடத்தில் 29 கி.மீ. அகலம், ஒன்றரைக் கி.மீ.க்கும் மேல் ஆழம். ‘குழி’யாம்.

டீச்சர், உங்களுக்கென்று அங்கே ஒன்று இருக்கிறது. யாவபாய் என்ற இடத்தில் நிலவியல் அருங்காட்சியகம். அதன் வாசலிலிருந்து, பூங்காவுக்குள் விடுதிகள் இருக்கிற கிராமம் வரைக்கும் விளிம்பை ஒட்டியே தளம் போட்ட பாதை, பெயர் ‘காலத்தின் தடம்’. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருடம் பின்னால் போகிறீர்கள். மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி பதித்திருக்கிறார்கள். வழியில் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்துவந்த பாறையை வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். இன்றைக்கு நாம் நிற்கும் மேல் அடுக்கான கைபாப் சுண்ணாம்புக் கல் 270வது மீட்டரில் வரும், அதாவது 27 கோடி வருடம். அடியில் இருக்கிற விஷ்ணு பாறையைத் தொட 1,700 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். (ஆமாம், பெயரே விஷ்ணுதான். அங்கே பல சிகரங்களுக்கு நம் சாமி பெயர்களை 19ஆம் நூற்றாண்டில் வைத்துவிட்டார்கள்.) படியே கிடையாது, அலுத்தால் இலவச ஷட்டில் பஸ்.

கையோடு இன்னும் இரண்டு. ஃபிளாக்ஸ்டாஃபிலேயே லோவெல் வானாய்வகம், 1930ல் புளூட்டோவைக் கண்டுபிடித்த இடம். கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் விண்கல் விழுந்த பள்ளம், 1.2 கி.மீ. விட்டம், ஏறக்குறைய 50,000 வருடத்துக்கு முந்தியது. அதற்கு மட்டும் டாக்சியோ உள்ளூர்ச் சுற்றுலா வண்டியோ பிடிக்க வேண்டியிருக்கும்.

குளிரைச் சொல்ல மறந்தேன். தெற்கு விளிம்பு 2,100 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஊட்டி. அக்டோபர் இரவில் உறைநிலைக்குப் போகும். ஃபீனிக்ஸில் அதே நாளில் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஹைவே ராசா
கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இன்னும் தெரியாது. 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவருக்குத் தனிக் கணக்கு. கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி உள்பட 11 பூங்காக்களில், 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் 100 டாலர். வருடப் பாஸ் வெளிநாட்டவருக்கு 250 டாலர், உள்நாட்டில் வசிப்பவருக்கு 80. இரண்டு பேர் ஒரு பூங்கா மட்டும் என்றாலே 200 டாலருக்கு மேல் ஆகிவிடுகிறது. இரண்டாவது பூங்கா ஒன்று சேர்ந்தால் பாஸ்தான் லாபம். ரயிலில் போனாலும் நுழைவுக் கட்டணம் டிக்கெட்டில் சேராது, கேட்டுக்கொள்ளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் ஒரு தடவை பாருங்கள்.

மூடுபனி
சான் பிரான்சிஸ்கோவுக்கு வக்காலத்து வாங்க ஆளே இல்லையா? அக்டோபர்தான் எங்கள் ஊரின் கோடைக்காலம். ஜூலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவோம், கோல்டன் கேட் பாலம் பனிக்குள் போய்விடும். அக்டோபரில் பளிச்சென்று தெரியும். சாருக்கு கேபிள் கார் இருக்கிறது, தெருவுக்கு அடியில் ஓடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற வண்டி, 1873ல் ஆரம்பித்தது.

யோசெமிட்டியைச் சேர்த்துச் சொல்ல நினைத்தேன், ஆனால் மனசு வரவில்லை. அக்டோபரில் யோசெமிட்டி நீர்வீழ்ச்சி பெரும்பாலும் வறண்டு கிடக்கும். பாறை பார்க்கப் போகலாம், அருவிக்கு மே மாதம்.

ஹாலிவுட்டைத் தயவுசெய்து வெட்டுங்கள். நடைபாதையில் நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள், அதன்மேல் கூட்டம் நடக்கிறது. அவ்வளவுதான்.

கட்டைவண்டி
நான் எல்லோருக்கும் எதிராகச் சொல்லப் போகிறேன். சாருக்கு ரயில் பிடிக்கும் என்றால் சிகாகோவில் ஏறி கலிபோர்னியா செஃபரில் போங்கள். ராக்கி மலை, கொலராடோ ஆறு, நெவாடா பாலைவனம், சியரா மலை, ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். அமெரிக்காவின் அகலம் உடம்பில் இறங்கும். விமானத்தில் போனால் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

ஹைவே ராசா
அந்தப் பாதையின் பெரும்பகுதி சரக்கு ரயில் கம்பெனிகளுடையது. பயணி வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சரக்கு போகும், நாலைந்து மணி நேரம் தாமதம் சாதாரணம். படுக்கை அறை விலை விமானத்தைவிட மேலே. படுக்கை இல்லாமல் இரண்டு இரவு உட்கார்ந்தபடி, அதுவும் முட்டி வலியோடு? முடியாது கட்டைவண்டி.

கட்டைவண்டி
தாமதமானால் ஜன்னலில் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்பேன். சரி, முட்டிக்காக விட்டுக்கொடுக்கிறேன்.

ஓக் ட்ரீ அக்கா
கிழக்குப் பக்கம் என்ன முடிவு? நியூயார்க்கா வாஷிங்டனா? நான் நியூயார்க் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் டீச்சர் முட்டிக்கு வாஷிங்டன்தான். அங்கே மெட்ரோவில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. நியூயார்க் சப்வேயில் பாதிக்கும் மேற்பட்ட நிலையங்களில் படி ஏறித்தான் வெளியே வர வேண்டும்.

காசுக் கணக்கிலும் வாஷிங்டன். ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமே கிடையாது. விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்கள் 1903ல் பறந்த அதே விமானம், அப்போலோ 11ல் மூன்று பேர் திரும்பி வந்த அதே கலம். மாதிரி இல்லை, நிஜம். இதற்கு நேரச் சீட்டு கேட்பார்கள், இலவசம்தான், முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். நாள் முழுக்க உள்ளே இருக்கலாம், உட்கார பெஞ்ச் இருக்கிறது, கழிப்பறை சுத்தம். நம் வயதுக்கு இதெல்லாம்தான் பெரிய விஷயம்.

லிங்கன் நினைவிடத்துக்கு மாலையில் போங்கள். 1963ல் மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய படியில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்.

மூடுபனி
ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1ல் தொடங்குகிறது. பட்ஜெட்டில் சண்டை வந்தால் அரசு அலுவலகங்கள் முடங்கும். 2025 அக்டோபரில் அப்படித்தான், ஸ்மித்ஸோனியன் முழுவதும் மூடிக் கிடந்தது. ரத்து செய்யக்கூடிய ஹோட்டலாகப் பதியுங்கள்.

ஐந்தாம் அவென்யூ
ஓக் ட்ரீ அக்கா, உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை. சுதந்திர தேவியைப் பார்க்கப் படி எதற்கு? ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி இலவசம், இருபத்தைந்து நிமிடம், சிலையைத் தாண்டித்தான் போகும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிடலாம். வாஷிங்டனிலிருந்து நியூயார்க்குக்கு ரயில் மூன்றரை மணி நேரம், மின்சாரப் பாதை, பெரும்பாலும் நேரத்துக்கு வரும். இரண்டு நாளாவது ஒதுக்குங்கள் டீச்சர்.

ஹைவே ராசா
டாலஸையே மறந்துவிட்டோம். கென்னடி சுடப்பட்ட இடம் அங்கேதான் இருக்கிறது. சுட்டவன் நின்ற ஆறாவது மாடி இப்போது அருங்காட்சியகம், ஒரு அரை நாள். ஒரு சனி ஞாயிறு ஹூஸ்டனுக்கு மகளோடு காரில் நாலு மணி நேரம். அங்கே சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் படுக்க வைத்திருக்கிறார்கள். நிலவுப் பயணத்தை நடத்திய கட்டுப்பாட்டு அறையை 1969ல் இருந்தபடியே, சாம்பல் கிண்ணம் முதற்கொண்டு மீட்டு வைத்திருக்கிறார்கள். டீச்சரை வெளியே இழுத்துவருவது மாப்பிள்ளை பொறுப்பு.

பொன்மலை டீச்சர்
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மகளோடு பேசி முடிவெடுத்தோம். முதல் வாரம் டாலஸில் தூக்கம் சரியாகும்வரை எங்கும் இல்லை, கென்னடி மட்டும். பிறகு ஃபிளாக்ஸ்டாஃப்: ரயில், பள்ளத்தாக்கில் ஒரு இரவு, புளூட்டோ, விண்கல். திரும்பி வந்து ஒரு வார இறுதியில் ஹூஸ்டன். கடைசியாக வாஷிங்டன்.

நியூயார்க் இல்லை. ஐந்தாம் அவென்யூ தம்பி கோபிக்க வேண்டாம். வாஷிங்டனில் கிடைக்கும் நாட்களை இரண்டாகப் பிரித்தால் ரைட் விமானத்தை ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியது அது. நிதானமாக நின்று பார்க்க வேண்டும். நயாகராவை விட்டதில்தான் எனக்கு வருத்தம்.

ஒரே கேள்வி மிச்சம். பள்ளத்தாக்கில் தங்க உள்ளேயே அறை கிடைக்குமா?

ஐந்தாம் அவென்யூ
கோபம் இல்லை டீச்சர், துக்கம்.

அரிசோனாவாசி
உள்ளே இருக்கிற விடுதிகளுக்குப் பதிவு ஒரு வருடத்துக்கு முன்பே திறந்து, சீக்கிரம் தீரும். ஆனால் ரத்தாகும் அறைகள் வந்துகொண்டே இருக்கும், காலையும் மாலையும் தளத்தைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் பூங்கா வாசலுக்கு வெளியே டுசாயன் என்ற ஊர், விளிம்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ.தான். ரயில்காரர்களே அறையும் சேர்த்து விற்பதுண்டு, அதையும் விசாரியுங்கள்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாமல் ஏறாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு எவ்வளவு தருவார்கள் என்ற பக்கத்தை மட்டுமாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் கடிகாரம். அரிசோனாவில் கோடைக்கு நேரத்தை மாற்றுவதில்லை. அக்டோபரில் டாலஸைவிட நாங்கள் இரண்டு மணி நேரம் பின்னால். வில்லியம்ஸில் ரயில் காலையிலேயே கிளம்பிவிடும், சாரிடம் கைக்கடிகாரத்தை மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

பொன்மலை டீச்சர்
அவரைப் பற்றிக் கவலை வேண்டாம். கிளம்புகிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் எஞ்சின் பக்கத்தில் நிற்பார். என்னை எழுப்ப ஆள் வேண்டும்.